பர்னிங் ஸ்பியர்: மூவர் குழு ஒருவர் பெயரான கதை

1975 டிசம்பரில் லண்டனின் ஐலண்ட் ரெகார்ட்ஸ் 'மார்க்கஸ் கார்வி' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. பாடியது பர்னிங் ஸ்பியர் என்ற ஜமைக்காக் குழு. அந்த ஜூலையில்தான் பாப் மார்லி லண்டன் லைசியம் அரங்கில் பாடி, பிரிட்டிஷ் இளைஞர்களை ஜமைக்காவின் ரெகே இசைப் பக்கம் திருப்பியிருந்தார். மார்லிக்கு அடுத்து யார் என்று ஆள் தேடிக்கொண்டிருந்த காலம். குழுவின் பெயர் ஜமைக்காவைத் தாண்டிப் பரவியது இந்த ஒரு ஆல்பத்தால்தான். ஆனால் குழுவைத் தொடங்கிய வின்ஸ்டன் ராட்னிக்கு லண்டனில் வெளிவந்த வடிவம் பிடிக்கவில்லை. தாம் கிங்ஸ்டனில் பதிவுசெய்த பாட்டை வேறு யாரோ வெள்ளைக்கார ரசிகர்களுக்காக மெருகேற்றி மென்மையாக்கிவிட்டார்கள் என்பது அவர் குறை.

பாட்டு யாருடையது என்ற அந்தச் சண்டை ஒரு டிசம்பரோடு முடியவில்லை. அவர் வெளி நிறுவனங்களைச் சாராமல் தம் சொந்த இசைத்தட்டு லேபிளிலேயே நிற்பதற்கு 2002 ஆகிவிட்டது. இடையில் மூவர் குழு ஒருவர் பெயராகச் சுருங்கியது. இந்தக் கால் நூற்றாண்டில் அவருக்கு எது கிடைத்தது, எது கைவிட்டுப் போனது என்பதே இங்கே பேச்சு.

செயின்ட் ஆன்ஸ் பே

ஜமைக்காவின் வடகரையில் இருக்கிறது செயின்ட் ஆன்ஸ் பே என்ற சிறு துறைமுக ஊர். 1503இல் கொலம்பஸின் கப்பல்கள் புழு அரித்து, நீர் புகுந்து, கரைதட்டி நின்றது இந்த விரிகுடாவில்தான். உதவிக் கப்பல் வரும்வரை ஓராண்டுக்கு மேல் அவர் அங்கேயே முடங்கிக் கிடந்தார். ஸ்பானியர்கள் தீவில் அமைத்த முதல் தலைநகரமும் இதன் பக்கத்திலேயே இருந்தது. மார்க்கஸ் கார்வி 1887 ஆகஸ்ட் 17இல் பிறந்தது இதே ஊரில். வின்ஸ்டன் ராட்னி 1945 மார்ச் 1இல் பிறந்ததும் இதே ஊரில். மார்லி பிறந்த நைன் மைல் கிராமமும் இதே செயின்ட் ஆன் மாவட்டத்தின் மலைப்பகுதியில் இருக்கிறது. தற்செயல்தான். ஆனால் ராட்னி அதைத் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. கொலம்பஸ் ஜமைக்காவைக் கண்டுபிடித்தார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது பச்சைப் பொய், அராவாக் மக்கள் முன்பே இங்கே இருந்தார்களே என்று பின்னாளில் ஒரு பாட்டில் அவர் கேட்டார். அதைக் கேட்க அவரைவிட உரிமையுள்ள ஆள் கிடையாது.

கார்வியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் ராட்னியைப் புரிந்துகொள்ள முடியாது. 1914இல் கிங்ஸ்டனில் கறுப்பின முன்னேற்றச் சங்கத்தைத் தொடங்கிய கார்வி, பிறகு அமெரிக்கா போய் நியூயார்க்கின் ஹார்லமை மையமாக வைத்து அதை உலக இயக்கமாக்கினார். அவருடைய வழி கோரிக்கை மனு எழுதுவதல்ல, கடை திறப்பது. கறுப்பர்களுக்குச் சொந்தமான மளிகைக் கடை, சலவைக் கடை, உணவகம், பத்திரிகை என்று அடுத்தடுத்துத் தொடங்கினார். 1919இல் ஒரு கப்பல் நிறுவனமே ஆரம்பித்தார்: பிளாக் ஸ்டார் லைன். பங்கு ஒன்று 5 டாலர். வீட்டு வேலை செய்தவர்களும் சுமை தூக்கியவர்களும் சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பழைய கப்பல்களை அதிக விலைக்கு வாங்கியதில் தொடங்கி நிர்வாகக் கோளாறுகள் வரை சேர்ந்து 1922இல் அது கவிழ்ந்தது. தபால் வழி மோசடி என்று வழக்கு, 1923இல் தண்டனை, அட்லாண்டா சிறை, 1927இல் நாடுகடத்தல். 1940இல் லண்டனில் இறந்தார். 1964இல் உடலை ஜமைக்காவுக்குக் கொண்டுவந்து நாட்டின் முதல் தேசிய வீரராக அறிவித்தார்கள். அப்போது ராட்னிக்கு 19 வயது.

தேசிய வீரர் பட்டம் கொடுத்தாயிற்று. ஆனால் அந்தப் பழைய மார்க்கஸ் கார்வியை யாருக்கும் நினைவில்லையே என்று ராட்னி இதற்குப் பத்தாண்டு கழித்துப் பாடினார். அரசாங்கம் சிலை வைத்துவிட்டுக் கொள்கையை மறந்துவிடுவது ஜமைக்காவுக்கு மட்டும் உரிய வழக்கமில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டூடியோ ஒன்

1969இல் ராட்னி மலைப்பக்கம் நடந்து போகும்போது எதிரே கழுதையை ஓட்டிக்கொண்டு, செடிகளும் மண்வெட்டியுமாகத் தன் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த மார்லியைச் சந்தித்தார். பாட வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டார். ஸ்டூடியோ ஒன்னுக்குப் போய்ப் பார் என்றார் மார்லி. இந்தச் சந்திப்பை ராட்னி பல பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

கிங்ஸ்டன் ப்ரென்ட்ஃபோர்ட் ரோட்டில் 'காக்ஸன்' டாட் நடத்திய ஸ்டூடியோ ஒன் அன்றைக்கு ஜமைக்கா இசையின் பள்ளிக்கூடம். ராட்னி தம்மோடு ரூபர்ட் வில்லிங்டன் என்ற பாடகரைக் கூட்டிப் போனார். முதல் பாட்டு 'டோர் பீப்'. கொஞ்ச காலத்தில் டெல்ராய் ஹைண்ட்ஸ் சேர்ந்து மூவர் ஆனார்கள். பர்னிங் ஸ்பியர் என்ற பெயர் கென்யாவின் முதல் தலைவர் ஜோமோ கென்யாட்டாவுக்கு வழங்கிய பட்டத்திலிருந்து எடுத்தது.

'டோர் பீப்' வந்த காலத்து ஜமைக்கா வானொலியை நினைத்துப் பார்த்தால் அந்தப் பாட்டின் துணிச்சல் விளங்கும். மற்றக் குழுக்கள் அமெரிக்க சோல் பாணியில் இழைந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ராட்னியோ மெட்டை அலங்கரிப்பதே இல்லை. இரண்டு மூன்று சுரங்களுக்குள் நின்றுகொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் அழுத்தம் வேறு இடத்தில் விழுகிறது. சங்கீர்த்தனத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு இடம் அது. முதல் தடவை கேட்பவர்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். எனக்கும் அவருடைய பாட்டுகள் மெதுவாகத்தான் பிடிபட்டன.

டாட்டோடு 1974 வரை இருந்தார்கள். இரண்டு ஆல்பங்கள் வந்தன. 1972இல் குத்துச்சண்டை வீரர் ஜோ ஃப்ரேஸியரைப் பற்றிய பாட்டு ஜமைக்காவில் நன்றாக ஓடியது. ஆனால் வாழ்க்கை ஓட அது போதவில்லை. ஜமைக்காவின் அன்றைய ஏற்பாடு இப்படி: பாடகருக்கும் வாத்தியக்காரர்களுக்கும் கையில் ஒரு தொகை, அதோடு கணக்கு முடிந்தது. மூலப் பதிவான மாஸ்டர் டேப் தயாரிப்பாளருடையது. பின்னணித் தாளமும் அவருடையது. அதே தாளத்தின் மேல் வேறொருவரைப் பாடவைத்து அவர் நான்கு இசைத்தட்டு போடலாம். பாடகருக்கு ஒன்றும் வராது. ஒரே தாளத்தைப் பலர் பயன்படுத்தும் அந்த வழக்கத்தால்தான் ஜமைக்கா இசை அத்தனை செழித்தது என்பதும் உண்மை, அதில் பாடகர்கள் வெறுங்கையோடு நின்றார்கள் என்பதும் உண்மை.

ஜேக் ரூபியின் காது

செயின்ட் ஆன்ஸ் பேயிலிருந்து கடற்கரைச் சாலையில் கிழக்கே போனால் ஓச்சோ ரியோஸ். அங்கே லாரன்ஸ் லிண்டோ என்பவர் சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்தார். ஊர் அவரை ஜேக் ரூபி என்று அழைத்தது. சவுண்ட் சிஸ்டம் என்றால் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி இரவு முழுக்க ஆட்டம் நடத்தும் தொழில். இரண்டு சவுண்டுக்காரர்கள் எதிரெதிரே மோதும்போது, எதிராளியிடம் இல்லாத பாட்டு யாரிடம் இருக்கிறதோ அவருக்கே வெற்றி. அதற்காகவே ஒரே ஒரு பிரதி மட்டும் வெட்டும் தனித்தட்டுகள் உண்டு. ரூபி ராட்னியைக் கொண்டு பதிவுசெய்த 'மார்க்கஸ் கார்வி', 'ஸ்லேவரி டேஸ்' இரண்டும் முதலில் அப்படித் தம் சவுண்டுக்காக மட்டும் செய்தவை. கூட்டம் கேட்ட விதத்தைப் பார்த்துத்தான் கடைக்கு வந்தன.

ஆல்பத்துக்காக கிங்ஸ்டனின் ராண்டீஸ் ஸ்டூடியோவில் ரூபி சேர்த்த ஆட்களைப் பாருங்கள். டிரம்ஸில் 'ஹார்ஸ்மவுத்' என்ற லெராய் வாலஸ். பேஸ் கிட்டாரில் ராபி ஷேக்ஸ்பியரும் மார்லியின் வெய்லர்ஸ் குழுவைச் சேர்ந்த ஆஸ்டன் பாரெட்டும். கிட்டாரில் ஏர்ல் 'சின்னா' ஸ்மித். டிரம்பெட்டில் பாபி எல்லிஸ் தலைமையில் ஒரு ஊதுகுழல் அணி. இந்தக் கூட்டத்துக்கு பிளாக் டிசைப்பிள்ஸ் என்று பெயர். ராட்னியின் குரல் வரியை விட்டு விலகும் இடத்தில் ஊதுகுழல்கள் வந்து அதைப் பிடித்துக்கொள்கின்றன. பின்னால் வில்லிங்டனும் ஹைண்ட்ஸும் தாழ்ந்த குரலில் ஒத்துப் பாடுகிறார்கள். 'ஸ்லேவரி டேஸ்' பாட்டில் அடிமை நாட்கள் நினைவிருக்கிறதா என்று ராட்னி கேட்கும்போது, அந்த இருவரின் குரல்தான் கேள்வியை ஒரு ஆளின் கேள்வியாக இல்லாமல் ஊரின் கேள்வியாக ஆக்குகிறது. இந்த ஆல்பத்தின் பாதி பலம் ராட்னியுடையது. மீதி பலம் அவரை எங்கே நிறுத்த வேண்டும், அவரைச் சுற்றி யாரை வைக்க வேண்டும் என்று அறிந்த ரூபியின் காது. பின்னால் நடந்ததை எடைபோடும்போது இதை மறந்துவிடக்கூடாது.

தலைப்புப் பாட்டு மார்க்கஸ் கார்வி சொன்னது பலித்துவிட்டது என்று தொடங்கும். தின்னச் சோறில்லை, செலவழிக்கக் காசில்லை என்று தொடரும். எண்ணெய் விலை ஏறி, ஜமைக்காவில் அடுப்புக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு பேசப்பட்ட நேரத்தில் கேட்டவர்களுக்கு அது வரலாற்றுப் பாடமாகத் தோன்றியிருக்காது.

லண்டன் மிக்ஸ்

கிறிஸ் பிளாக்வெல்லின் ஐலண்ட் நிறுவனத்துக்கு ஒரு செய்முறை ஏற்கெனவே கைவசம் இருந்தது. 1973இல் வெளிவந்த வெய்லர்ஸின் 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பத்தின் டேப்புகள் லண்டனுக்கு வந்தபோது, அவற்றின் மேல் வெய்ன் பெர்கின்ஸ் என்ற அமெரிக்கரின் ராக் கிட்டாரைச் சேர்த்து, பேஸைக் கொஞ்சம் அடக்கி வெளியிட்டார்கள். மார்லியும் உடன் இருந்து அதை ஏற்றுக்கொண்டார். கணக்கு பலித்தது.

'மார்க்கஸ் கார்வி'யையும் அதே நோக்கில் மறுபடி மிக்ஸ் செய்தார்கள், அதாவது பதிவான குரலையும் வாத்தியங்களையும் வேறு அளவில் கலந்தார்கள். சில பாட்டுகளின் வேகத்தைக் கூட்டினார்கள். டேப்பை வேகமாக ஓட்டினால் தாளம் மட்டும் வேகமாவதில்லை, சுருதியும் ஏறும். குரலின் கனம் கரையும். சாதாரண நடனப் பாட்டுக்கு இது பெரிய சேதமில்லை. ராட்னியின் பாட்டில் மெதுவாக இருப்பதே பொருள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே பேஸ் தனியாக நடந்து வரும் இடத்தைச் சுருக்கினால் பாட்டு முந்திக்கொண்டு ஓடுவதுபோல ஆகிவிடும். ஜமைக்காவில் ரூபியின் ஃபாக்ஸ் லேபிளில் வந்த தட்டையும் ஐலண்டின் தட்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டவர்கள் அரை நூற்றாண்டாகச் சொல்லிவருவது இதைத்தான்.

ஐலண்ட் பக்கத்து நியாயமும் உண்டு. ஐலண்ட் இல்லாவிட்டால் ஃபாக்ஸ் தட்டு ஜமைக்காவுக்கு வெளியே சில கரீபியக் கடைகளோடு நின்றிருக்கும். அடுத்த ஆண்டு வந்த 'கார்வீஸ் கோஸ்ட்' என்ற டப் வடிவமும் அவர்கள் போட்டதுதான். குரலைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு தாளத்தையும் எதிரொலியையும் முன்னால் கொண்டுவரும் டப் முறைக்கு அந்தப் பாட்டுகள் பொருத்தமானவை. மிக்ஸ் தவறு, வெளியிட்டது சரி என்பதே என் தீர்ப்பு. இரண்டையும் பிரித்துப் பேசவிடாமல் செய்தது அன்றைய ஒப்பந்த முறை. விற்பவர் கையிலேயே டேப்பும் இருந்தது.

ராட்னி அறிக்கை விட்டுக்கொண்டிருக்கவில்லை. ஸ்பியர் என்ற பெயரில் சொந்த லேபிள் தொடங்கினார். அதில் முதலில் வந்தது 'டிராவலிங்'. ஸ்டூடியோ ஒன் காலத்தில் 'ஜர்னி' என்று பாடிய பாட்டையே மறுபடி பாடியது அது. பழைய டேப் டாட்டிடம் இருக்கட்டும், பாட்டு என் தொண்டையில் இருக்கிறது என்பதுபோல. கார்வி கப்பலைக் கட்டினார், இவர் லேபிளைக் கட்டினார்.

தனியாக

1976இல் ரூபியோடு இன்னொரு ஆல்பம், 'மேன் இன் த ஹில்ஸ்'. கோபம் தணிந்து, செயின்ட் ஆனின் மலைப்புற வாழ்க்கையைப் பாடும் ஆல்பம். அந்த ஆண்டின் முடிவில் ராட்னி ரூபியையும் விட்டார், வில்லிங்டனையும் ஹைண்ட்ஸையும் விட்டார். அன்றிலிருந்து பர்னிங் ஸ்பியர் என்றால் ஒரே ஆள்.

குழுப் பெயரைத் தனி ஆள் வைத்துக்கொள்வது சரியா? ராட்னியே தொடங்கியவர், எழுதியவர், முன்னால் நின்று பாடியவர். சட்டப்படியும் வழக்கப்படியும் அவர் பக்கம் வலு இருக்கிறது. ஆனாலும் பாடகனிடமிருந்து பாட்டைப் பறிக்கும் முறையை எதிர்த்தவரின் கதையில், ஒத்துப் பாடிய இருவர் பெயர் இன்று ஆல்பம் அட்டையின் பின்பக்கத்தில் மட்டும் இருப்பது எனக்கு உறுத்துகிறது.

1977இல் வந்த 'டிரை அண்ட் ஹெவி' அவரே தயாரித்தது. ஸ்டூடியோ ஒன் காலத்துப் பாட்டுகள் சில அதில் புது உருவில் திரும்பி வந்தன. 'டிராவலிங்' தொடங்கிய வேலையின் தொடர்ச்சி. அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் ரெயின்போ அரங்கில் பாடினார். பின்னால் வாசித்தது லண்டனில் வளர்ந்த இளைஞர்களின் ஆஸ்வாட் குழு. ஜமைக்காவிலிருந்து டிரம்பெட்டோடு பாபி எல்லிஸ் வந்திருந்தார். அந்த நேரடிப் பதிவில் ராட்னியின் பாட்டு அதற்குரிய வேகத்தில், அதற்குரிய நீளத்தில் நடக்கிறது. மூன்று நிமிடத் தட்டுக்குள் அடங்காத பாடகர் அவர் என்பது அதில்தான் தெரிகிறது.

1978இல் ஜமைக்காவில் 'மார்க்கஸ் சில்ட்ரன்' என்றும் பிரிட்டனில் 'சோஷியல் லிவிங்' என்றும் வந்த ஆல்பமே அவருடைய உச்சம் என்பது என் கருத்து. ரூபி இல்லாமலே ராட்னி அந்த நெருக்கத்தை எட்டினார் என்பதற்கு அதுவே சாட்சி. அதே ஆண்டின் 'ராக்கர்ஸ்' படத்தில், 'மார்க்கஸ் கார்வி'க்கு டிரம்ஸ் வாசித்த ஹார்ஸ்மவுத் வாலஸ்தான் நாயகன். கடைகளுக்கு இசைத்தட்டை நேரே கொண்டுபோய் விற்றுப் பிழைக்கலாம் என்று மோட்டார் சைக்கிள் வாங்கும் வாத்தியக்காரராக வருகிறார். ஜமைக்கா இசைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அன்று இருந்த கனவு அது. அதே படத்தில் இரவில் கடலோரம் உட்கார்ந்து, எந்த வாத்தியமும் இல்லாமல் ராட்னி 'ஜா நோ டெட்' பாடும் காட்சி வருகிறது. எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாஸி இறந்துவிட்டார் என்று 1975இல் செய்தி வந்தபோது, அவரை 'ஜா', அதாவது கடவுள், என்று வணங்கும் ராஸ்தாஃபாரிகள் கொடுத்த பதில் அந்தத் தலைப்பு: ஜா சாகவில்லை.

1980இல் 'ஹெய்ல் ஹிம்'. மார்லியின் டஃப் காங் ஸ்டூடியோவில், ஆஸ்டன் பாரெட்டோடு சேர்ந்து தயாரித்து, ஐலண்டை விட்டு இஎம்ஐ நிறுவனம் வழியாக வந்தது. கொலம்பஸைப் பொய்யன் என்ற பாட்டு இதில்தான்.

அதன் பிறகான இருபது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். அமெரிக்காவின் ஹார்ட்பீட், ஸ்லாஷ் என்று லேபிள்கள் மாறின. ஜமைக்காவில் காலம் டான்ஸ்ஹால் என்ற புதிய ஆட்டப் பாட்டு பாணியின் பக்கம் போய்விட்டது. 1985க்குப் பிறகு கம்ப்யூட்டர் தாளங்கள் வந்து ஸ்டூடியோ வாத்தியக்காரர்களின் பிழைப்பில் கைவைத்தன. ராட்னி பர்னிங் பேண்ட் என்ற தம் வாத்தியக் குழுவைக் கூட்டிக்கொண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் ஊர் ஊராகப் பாடினார். 80களின் நடுவில் ஊதுகுழல் அணி முழுக்கப் பெண்கள். ரெகேயில் அன்று அது அபூர்வம். கிராமி விருதுகளில் ரெகேக்குத் தனிப் பிரிவு தொடங்கியதிலிருந்து அவர் பெயர் அடிக்கடி பரிந்துரையில் வரும், விருது வேறு யாருக்காவது போகும். 90களின் நடுவில் நியூயார்க்கின் குவீன்ஸில் குடியேறினார்.

சொந்த லேபிள்

1999இல் ஹார்ட்பீட் வெளியிட்ட 'காலிங் ராஸ்தாஃபாரி'தான் வெளி நிறுவனத்துக்காக அவர் முடித்துக்கொடுத்த கடைசி ஆல்பம். 2000இல் அதற்குக் கிராமி கிடைத்தது. முதல் பாட்டுக்கும் முதல் கிராமிக்கும் நடுவில் 30 ஆண்டுக்கு மேல். 2002இல் அவரும் மனைவி சோனியா ராட்னியும் பர்னிங் மியூசிக் என்ற தங்கள் சொந்த லேபிளை மறுபடி தொடங்கினார்கள். ஒப்பந்தம், தயாரிப்பு, விற்பனை எல்லாம் வீட்டிலிருந்தே. 'ஃப்ரீமேன்', 'அவர் மியூசிக்' என்று ஆல்பங்களின் பெயரே கதையைச் சொல்கிறது. 2008இல் வந்த 'ஜா இஸ் ரியல்' 2009இல் இரண்டாவது கிராமியை வாங்கியது. இந்த முறை அட்டையில் இருந்தது அவருடைய லேபிளின் பெயர் மட்டும். இடையில் 2007இல் ஜமைக்கா அரசு ஆர்டர் ஆஃப் டிஸ்டிங்க்ஷன் என்ற விருதைக் கொடுத்தது.

நேர்மையாகச் சொன்னால், முழுக்கச் சொந்தமான இந்த ஆல்பங்கள் எதுவும் 1975க்கும் 1980க்கும் இடையே வந்தவற்றின் பக்கத்தில் நிற்கவில்லை. 'ஜா இஸ் ரியல்' ஆல்பத்தில் அமெரிக்க ஃபங்க் மேதைகளான பூட்ஸி காலின்ஸும் பெர்னி வொரெலும் வாசித்தும் பழைய நெருப்பு பற்றவில்லை. ரூபியைப்போல எதிரே நின்று போதும் என்று சொல்ல ஆளில்லாதது ஒரு காரணமாக இருக்கலாம். பாட்டின் தரத்தை உரிமை உயர்த்தும் என்று கார்வியும் சொல்லவில்லை, ராட்னியும் சொல்லவில்லை. பாடியவன் பட்டினி கிடக்கக்கூடாது என்றுதான் சொன்னார்கள். அந்த அளவுகோலில் இவர் வென்றவர். ஸ்டூடியோ ஒன்னில் அவரோடு தொடங்கிய எத்தனையோ பேருக்கு முதுமையில் அது வாய்க்கவில்லை.

பாட்டுகளோ அவரைக் கேட்காமலே பயணம் போய்க்கொண்டிருக்கின்றன. 2005இல் அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானர் கிங்ஸ்டனில் டிரம்ஸ்காரர் ஸ்லை, பேஸ்காரர் ராபி இருவரோடும் சேர்ந்து ஒரு ரெகே ஆல்பம் பதிவுசெய்தார். ஆல்பத்தின் தலைப்பே ராட்னியின் பாட்டுத் தலைப்பு. 'மார்க்கஸ் கார்வி'யும் 'டோர் பீப்'பும் அதில் உண்டு. பேஸ் வாசித்தது, முப்பது ஆண்டுக்கு முன் ராண்டீஸ் ஸ்டூடியோவில் 'மார்க்கஸ் கார்வி' ஆல்பத்துக்கு வாசித்த அதே ராபி ஷேக்ஸ்பியர்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2023இல் 'நோ டெஸ்ட்ராயர்' வந்தது, அதுவும் பர்னிங் மியூசிக்கில். அடுத்த ஆண்டு கிராமிப் பட்டியலில் அவர் பெயர் மறுபடி இருந்தது. விருது ஜூலியன் மார்லிக்குப் போனது, செயின்ட் ஆன் மலையில் செடிகளோடு எதிர்ப்பட்டவரின் மகனுக்கு. 2025 ஜனவரியில் அதிபர் பைடன் பதவியிலிருந்து இறங்குவதற்கு முந்தின நாள், கார்விக்கு 1923இல் விதித்த தண்டனைக்கு மன்னிப்பு அறிவித்தார்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் ஐலண்டின் 'மார்க்கஸ் கார்வி'யில் தொடங்காமல் 'சோஷியல் லிவிங்'கில் தொடங்குங்கள். பிறகு ரெயின்போ நேரடிப் பதிவு. காது அந்த வேகத்துக்குப் பழகிய பிறகு 1975க்குத் திரும்பிப் போனால், லண்டன் மிக்ஸ் எந்த இடத்தில் அவசரப்படுகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.